எம்.எல்.ஏ. வீடு

எங்கள் வீட்டில் முகப்பைத் தாண்டி உள்ளே போகும் இடத்தில் பர்மாத் தேக்கில் செய்த பெரிய நிலை ஒன்று இருக்கிறது. அதன் மேல்சட்டத்தின் நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். இரு பக்கமும் யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வலப்பக்கத்து யானையின் நெற்றியில் ஒரு துளை. இடப்பக்கத்து யானையின் காதில் ஒரு துளை. கறையான் அரித்ததில்லை. பர்மாத் தேக்கைக் கறையான் தொடாது. இரும்பு ஆணியை அடித்து, பல வருஷம் கழித்து அதைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கியதால் உண்டான துளைகள் அவை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து அந்தத் துளைகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். பார்த்ததும் வயிறு எரியும். எழுபதைத் தாண்டியும் இப்படி எரிய வேண்டுமா என்று என் மகள் கேட்கிறாள். எரிகிறதே, நான் என்ன செய்ய?

அந்த ஆணிகளை அடிக்கச் சொன்னவர் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் நல்ல மாதிரி. கோயிலில் கண்டால் இன்றைக்கும் நின்று சௌக்கியம் விசாரிக்கிறார்கள். அவர்களை நோகடித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அவரைப் பற்றி ஊரில் இன்னும் பெருமையாகவே பேசுகிறார்கள். அந்தப் பெருமை எந்த வீட்டில் உட்கார்ந்து சம்பாதித்தது என்பதை ஒருவராவது எழுதிவைக்க வேண்டும் அல்லவா?

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீடுகளில் அதுவும் ஒன்று. கட்டியவர் என் அப்பச்சியின் தாத்தா. அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம். ஆனால் அது எங்கள் வீடு என்று நாங்கள் மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. பங்காளிகள் ஏழு குடும்பம். ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. முகப்பும், நடுவில் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவும் எல்லாருக்கும் பொது. கல்யாணமும் கருமாதியும் அங்கேதான் நடக்கும். பர்மாவில் தொழில் போன பிறகு ஆறு குடும்பங்கள் சென்னை, கோயம்புத்தூர், மலேயா என்று பிழைக்கப் போய்விட, வீட்டில் தங்கி விளக்கேற்றியது என் பெற்றோர் மட்டும்தான். அப்பச்சி அதிர்ந்து பேசாதவர். காலையில் பேப்பர், மாலையில் கோயில், இடைப்பட்ட நேரத்தில் அத்தனை பெரிய வீட்டில் எந்த ஓடு ஒழுகுகிறது என்று பார்ப்பது. இவ்வளவுதான் அவருடைய நாள்.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு தேர்தலுக்கு முன்னால் அவர் வந்தார். பக்கத்து ஊரில் விவசாயக் குடும்பம். மேடையில் நன்றாகப் பேசுவார், அதைவிட நன்றாகக் கேட்பார். யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, தன் உடம்பு நோவைக் கேட்பதுபோலக் கேட்பார். ஒரு தடவை கேட்ட பெயரை மறக்கவே மாட்டார். என் அண்ணனின் பள்ளிக்கூட வாத்தியார் பெயர் எனக்கே மறந்துவிட்டது. அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது. தேர்தல் வேலைக்கு ரோட்டோரமாக இடம் வேண்டும், முகப்பை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும் என்றார். "ஒரு மாசம் அண்ணே. ஓட்டு எண்ணுன மறுநாள் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருவேன். நீங்க எதுக்கும் யோசிக்காதீக." அப்பச்சி யோசிக்கவில்லை. வெறிச்சோடிக் கிடந்த வீட்டில் நாலு பேர் குரல் கேட்குமே என்று நினைத்திருப்பார். ஆத்தா மட்டும், இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பார்கள் என்று அடுப்படியிலிருந்து சொன்னார்.

பாய் கேட்கவில்லை, மேசைதான் கேட்டார். அவர் ஜெயித்த அன்று கூட்டம் முகப்பில் கொள்ளாமல் வளவுக்குள் பாய்ந்தது. முற்றத்தில் மேளம், தரையெல்லாம் வெடிக்காகிதம். அந்த ஒரு மாசம் அன்றைக்கு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு மேசை வந்தது. அதன் பின்னாலேயே பெஞ்சுகள், அலமாரி, டெலிபோன். ஊரில் அதுவரை தபாலாபீசில் மட்டுமே டெலிபோன் இருந்ததால் அது அடிக்கும் சத்தத்தைக் கேட்கவே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் புழக்கம் மெல்லமெல்ல இரண்டாம் கட்டுக்குப் போய், பின்வாசல் எங்களுக்கு வாசலாகிவிட்டது.

ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று இப்போது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். கூட்டு வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். பொது இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், யாரோ ஒரு பங்காளி சொல்லித்தான் உட்கார்ந்திருப்பார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். யார் சொன்னது என்று விசாரித்தால் பங்காளியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அந்தப் பொல்லாப்பு வேண்டாம் என்று சென்னைப் பெரியப்பச்சி கோயம்புத்தூர்க்காரர் கொடுத்தார் என்று நினைத்தார். கோயம்புத்தூர்க்காரர் பெரியப்பச்சி கொடுத்தார் என்று நினைத்தார். அப்பச்சியோ தான் கொடுத்த ஒரு மாசம் வருஷங்களாக நீண்டதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக் கிடந்தார். காலிசெய்யச் சொல்வதென்றால் ஏழு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஏழு பேர் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குச் சமையற்காரரையே பேச முடியாத குடும்பம் எங்களுடையது.

இதை எங்களைவிட அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டிய காலம் அது. ஒரு பங்காளிக்கு பர்மிட் கிடைத்தது. இன்னொருவர் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கோயில் திருப்பணிக் கமிட்டியில் பெரியப்பச்சியைச் சேர்த்துவிட்டு, அதைக் கோயம்புத்தூர்க்காரருக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். இரண்டு பேருக்கும் அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீடு ஏழுபட்டுக் கிடந்தது. ஒருநாள் அவர் கட்சிக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "இந்த வீட்டுப் பங்காளிக ஒத்துப்போயிருந்தா எனக்கு ஆபீசுமில்ல, அரசியலுமில்லப்பா." தொகுதியையும் அவர் இப்படித்தான் ஆண்டார். ஒரு ஊருக்குக் கண்மாய் மடை, பக்கத்து ஊருக்கு அதே மடையை அடைப்பதாக வாக்குறுதி. இரண்டு ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே அவருக்கு ஓட்டுப் போட்டன.

அவர் நல்லதே செய்யவில்லை என்றால் அது பொய். காலனிக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது அவரால்தான். பெண்பிள்ளைகள் காரைக்குடிக்குப் படிக்கப் போக பஸ் விட்டதும் அவர்தான். அதில் நானும் போயிருக்கிறேன். அதற்கு முன்பு எங்கள் வீட்டு முகப்புப் படியில் ஏறாத சனங்கள் அவர் காலத்தில் வளவுவரை வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தடவிப் பார்த்துச் சிரித்த ஒரு கிழவியை இன்னும் நினைவிருக்கிறது. அவர்களுக்கு அது பெரிய விஷயம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் திறந்துவிட்டது அவருடைய கதவு இல்லையே! இரண்டு மைல் தள்ளி அவருக்கும் வீடு இருந்தது. அங்கே மனு கொடுக்கப் போனவர்களை அவர் சம்சாரம் வாசலிலேயே நிறுத்தி, செட்டியார் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார். அடுத்தவர் சொத்தில் தாராளம் காட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகம் அவருக்கு வாய்த்திருந்தது.

சட்டசபையில் அவர் என்ன பேசினார் என்று அப்பச்சி தினமும் பேப்பரில் தேடுவார். ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கொத்தமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிவானது.

எங்களில் பெண் வீட்டில்தான் கல்யாணம். அதுவும் சொந்த வளவில் நடக்க வேண்டும். திருப்பூட்டு என்று நாங்கள் சொல்கிற தாலிகட்டு வாடகை இடத்தில் நடந்தால், அந்தக் குடும்பத்துக்கு வீடில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஆனாலும் பெண் பார்க்க வந்தபோது பின்வாசல் வழியாக நுழைந்ததில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு மனத்தாங்கல். கல்யாணம் உங்கள் வளவில்தானே என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுவிட்டுப் போனார். அங்குதான் என்று அப்பச்சி வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்கைக் காப்பாற்ற முகப்பும் வளவும் பத்து நாளாவது காலியாக வேண்டும். அதற்கு எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டும்.

அப்பச்சி கேட்கப் போன காலையை நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த உதவியாளருக்கு அப்பச்சியைத் தெரியவில்லை. பெரியவரே, வந்த வரிசையில் உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். அப்பச்சி உட்கார்ந்துவிட்டார். தன் தாத்தா கட்டிய முகப்பில், மாற்றல் கேட்டு வந்த வாத்தியாருக்கும் பம்ப்செட்டுக்குக் கரண்டு கேட்டு வந்தவருக்கும் நடுவில், துண்டை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்தவர்கள் பதறி எழுந்து இடம் விட்டார்கள். "இருங்கப்பா. நீங்க எனக்கு முன்னால வந்தவுக" என்று அவர்களை உட்காரவைத்தார். அதில் கேலியோ கோபமோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

அப்பச்சியின் முறை வந்ததும் எம்.எல்.ஏ. எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணே, நீங்க போயி வரிசையில உக்காரலாமா? நம்ம வீட்டுக் கல்யாணம். நானே முன்னால நின்னு நடத்திவைக்கிறேன்." காலிசெய்யச் சொல்லப் போனவர், அவரையே கல்யாணத்தை நடத்தச் சொன்னவராகத் திரும்பி வந்தார். பெஞ்சுகள் மறுநாளே வெளியேறின. வளவைக் கழுவிவிட்டார்கள். அப்பச்சி கொஞ்சம் சிரித்தார்கூட.

கல்யாணத்தன்று தெருமுனையில் அலங்கார வளைவு நின்றது. மந்திரி ஒருவரின் பெயர் ஆளுயர எழுத்தில். அதன் கீழே எம்.எல்.ஏ.வின் பெயர், மணமக்களாகிய எங்கள் பெயர் அடியில், வாழைக்குலை மறைத்தது போக மிச்சம். அழைப்பிதழில் இல்லாத மந்திரி எங்கிருந்து வந்தார் என்று அப்பச்சிக்கும் தெரியாது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு எம்.எல்.ஏ. நின்று எங்கள் உறவுக்காரர்களை எங்கள் வீட்டுக்கு வரவேற்றார். மேளக்காரர்களை நிறுத்திவிட்டு மைக்கில் அறிவிப்புகள் வந்தன. பங்காளிகள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசாமல் ஆளுக்கொரு தூணடியில் நின்றார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது. மாப்பிள்ளை எங்கள் தாலியான கழுத்துருவைக் கையில் வாங்கிவிட்டார். அப்போது எம்.எல்.ஏ. கையை உயர்த்தி, மந்திரியின் கார் திருப்பத்தூரைத் தாண்டிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்றார். மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் அப்பச்சியைப் பார்த்தார். அப்பச்சி பங்காளிகளைப் பார்த்தார். பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, என் கழுத்தில் மாலை கனத்துக்கொண்டே போனது. நல்ல நேரம் கழிகிறது என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு. அப்போது என் பின்னாலிருந்து ஆத்தாவின் குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை. "மந்திரி வந்தாத்தான் தாலி ஏறணும்னா நீங்க உங்க வீட்டுல வச்சுக்குங்க. இது எங்க வளவு. மேளத்தைக் கொட்டச் சொல்லுங்க."

மேளக்காரருக்கு எம்.எல்.ஏ.வைவிட ஆத்தாவைத்தான் அதிக நாளாகத் தெரியும். கொட்டிவிட்டார். என் கல்யாணம் நடந்தது. எம்.எல்.ஏ. சிரித்தபடியே மைக்கில் எங்களை வாழ்த்தினார். மந்திரி பந்தி முடியும் நேரத்தில் வந்து, பாவம், பாயசம் குடித்துவிட்டுப் போனார்.

சிரித்தபடியே வாங்கிக்கொண்ட ஆத்தாவின் சொல்லை அவர் மறக்கவில்லை என்பது எனக்கு மறுவீடு வந்தபோது தெரிந்தது. அதுவரை அவர் பெயர்ப்பலகை முகப்புத் தூணில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் என் கணவரும் வந்து இறங்கியபோது நிலைக்கு முன்னால் ஏணி. பலகையைக் கஜலட்சுமியை மறைத்து வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆணி யானையின் நெற்றியில் இறங்கிவிட்டது. தூணிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அப்பச்சி கேட்டார். "அங்க காத்துல ஆடுதுண்ணே" என்றார் எம்.எல்.ஏ. "இனிமே ஆடாது." சொல்லும்போது பார்வை அப்பச்சிமேல் இல்லை, உள்ளே நின்ற ஆத்தாவின்மேல் இருந்தது. இரண்டாவது ஆணிக்குச் சுத்தியல் விழ விழ அப்பச்சி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றார். நான் அந்த மனிதரை வெறுக்க ஆரம்பித்தது அப்போதுதான். அதற்கு முன் எரிச்சல்தான் இருந்தது.

சில வருஷத்தில் அவர் வேட்டிக்கரை மாறியது. கரை மாறினால் கட்சி மாறிவிட்டார் என்று அர்த்தம். முகப்பில் கொடியும் மாறியது. நேற்றுவரை எவரைத் திட்டினாரோ அவருக்கு அதே முகப்பில் மாலை போட்டார். அதே பெஞ்சில் அதே ஆட்கள் உட்கார்ந்து அதே மனுக்களைக் கொடுத்தார்கள்.

அப்பச்சி எழுபதுகளின் நடுவில் இறந்தார். வளவில் கிடத்தியிருந்தோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எம்.எல்.ஏ. பெரிய மாலையோடு வந்தார். உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு அழுகை எப்போதும் உண்மையாகவே வரும். பிறகு வாசலில் கூடியிருந்தவர்களுக்கு இரங்கல் பேசினார். செட்டியார் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று தொடங்கி, கடைசியில் குரல் உடைந்து சொன்னார்: "இத்தனை வருசம் என் வீட்டுல என் கூடப்பிறந்தவரு மாதிரி இருந்தாக. ஒருநாளு ஒரு சுடுசொல் சொன்னதில்ல." கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். ஆத்தா மட்டும் அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பலகைக்குக் கீழேதான் அப்பச்சியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தேர்தலில் அவர் டெபாசிட்டை இழந்தார். கூட்டம் வடிந்தது. ஒரு பகலில் லாரி வந்து அலமாரியையும் மேசையையும் ஏற்றிப் போனது. உள்ளே இருந்த ஆத்தாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டிப் பெருக்கவில்லை, கோலமும் போடவில்லை. பலகையை மட்டும் விட்டுப்போனார். என் அண்ணன் வந்து கடப்பாரை போட்டு நெம்பியபோது யானையின் காது கொஞ்சம் சிதைந்தது. ஆத்தா பலகையைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். நல்ல பலகை, நின்று எரிந்தது என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒருமுறை சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தனியாக, பழுப்பேறிய வேட்டியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேர் மறக்கவில்லை, என் பிள்ளைகளின் பேரைக்கூடச் சொன்னார். எனக்கே இரக்கமாக இருந்தது, காப்பி வாங்கிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். அப்போது, "நம்ம வீட்டை நல்லா வச்சிருக்காகளா தாயி?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

போன தை மாதம் காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். எங்கள் குடும்பத்தின் விலாசத்தைச் சொன்னேன். நாங்கள் வீட்டை மூதாதையரின் பெயரெழுத்துகளால்தான் சொல்வோம். டிரைவருக்குத் தெரியவில்லை. பிள்ளையார் கோயிலைச் சொன்னேன், ஊருணியைச் சொன்னேன். "எம்.எல்.ஏ. வீடா ஆச்சி? அப்படிச் சொல்லக்கூடாதா" என்று வண்டியைக் கிளப்பினார். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம்.

வீட்டை ஒரு ஓட்டல்காரருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறார்கள். வெளிநாட்டார் வந்து தங்குவார்களாம். அதற்காகத்தான் போயிருந்தேன். பெண்களுக்கு வீட்டில் பங்கில்லை என்பதால் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை, வேடிக்கை பார்க்கலாம். ஏழு குடும்பம் இப்போது முப்பதுக்கும் மேல். ஓட்டலுக்கு என்ன பெயர் என்று வாட்ஸப்பில் மாதக்கணக்கில் சண்டை. கட்டியவர் பெயரை வைக்கலாம் என்றால், அவர் தம்பியும் பணம் போட்டாரே என்று ஒரு வரிசை. தம்பி பெயரைச் சேர்த்தால் யார் பெயர் முதலில் என்று இன்னொரு வரிசை. ஓட்டல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊரில் எல்லாருக்கும் எம்.எல்.ஏ. வீடு என்றுதான் தெரிகிறது, அதையே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறார். அதில் எந்தப் பங்காளிக்கும் ஆட்சேபம் இல்லை. என் அண்ணன் மகன் உட்பட அத்தனை பேரும் சம்மதித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் எல்லாரும் ஒத்துப்போன முதல் காரியம் அது.

நான் போன அன்று பித்தளையில் புதுப் பலகை வந்திருந்தது. பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. எங்கே மாட்டுவது என்று ஒரு இளம் தச்சர் ஏணியில் ஏறி நிலையைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே நின்ற என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்:

"புதுசா ஒண்ணும் துளைக்க வேணாம் ஆச்சி. முன்னாடியே அளவா ரெண்டு துளை இருக்கு."

ஏணி வழுவழுத்த தரையில் நகர்ந்தது. கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.